மணிக்கு ஒரு பிஹேவியரிஸ்ட் தேடிய கதை (கூடவே நூறு வருட வரலாறு)

போன முறை வெனிஸ் வியாபாரிகளின் இரட்டைப் பதிவுக் கணக்கு பற்றி எழுதியதற்கு, "எக்ஸாமுக்கு உதவும்டா" என்று வகுப்பில் நல்ல பெயர் கிடைத்தது. இந்த முறை எழுதுவது எந்த எக்ஸாமுக்கும் உதவாது. இது நாய் சமாச்சாரம். இன்னும் சரியாகச் சொன்னால், நம் நாய்க்கு ஏதாவது கோளாறு வந்தால் "நான் சரி பண்ணித் தரேன்" என்று வருகிறார்களே, அவர்களுடைய வரலாறு. காசு கொடுத்து ஏமாந்த பிறகுதான் இதையெல்லாம் தேடிப் படித்தேன் என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன் :-)

எங்கள் வீட்டு நாயின் பெயர் மணி. நாட்டு நாய், ஆறு வயது. அதுவரை யாரையும் கடித்ததில்லை. திடீரென்று ஒரு நாள், தலையைத் தடவப் போனால் உறும ஆரம்பித்தது. தம்பி மேல் இரண்டு தடவை பாய்ந்தது. அப்பா நாலு பேரிடம் விசாரித்து ஒருவரை அழைத்து வந்தார். விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே "டாக் பிஹேவியரிஸ்ட்" என்று போட்டிருந்தது. பத்தே நிமிஷத்தில் தீர்ப்பு சொல்லிவிட்டார். "உங்க நாய் உங்க யாரையும் லீடரா நினைக்கல சார். ஓநாய்க் கூட்டத்துல ஆல்ஃபான்னு ஒண்ணு இருக்கும்..." என்று ஒரு லெக்சர். பிறகு மணியை மல்லாக்கத் தள்ளி, கழுத்தைப் பிடித்து, அது துள்ளுவதை நிறுத்தும் வரை அழுத்திக்கொண்டே இருந்தார். இப்படி நாலு நாள். மணி உறுமுவதை நிறுத்திவிட்டது. அப்பாவுக்குப் பரம சந்தோஷம்.

மூன்று வாரம் கழித்து, உறுமாமல், ஒரு சத்தமும் காட்டாமல், அம்மாவின் மணிக்கட்டைக் கடித்தது. ஊசி, ஆஸ்பத்திரி, அழுகை எல்லாம் தனிக்கதை. "எங்கயாவது தூரமா கொண்டு போய் விட்டுடுங்க" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அப்பா பதில் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் என்னைப் பயமுறுத்தியது. அன்று ராத்திரிதான் உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். யார் இந்த பிஹேவியரிஸ்ட்? யார் இவர்களுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தது?

பதில்: யாரும் கொடுக்கவில்லை. நம் துறையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1949-ம் வருடச் சட்டப்படி, இன்ஸ்டிடியூட்டில் உறுப்பினராக இல்லாத ஒருவர் தன்னை சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் என்று போட்டுக்கொள்ள முடியாது. கால்நடை மருத்துவர்களைப் பதிவு செய்ய 1984-ல் வந்த சட்டம் இருக்கிறது. ஆனால் "பிஹேவியரிஸ்ட்" என்ற சொல்லுக்கு வேலியே கிடையாது. இங்கே மட்டுமில்லை, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அந்த ஒற்றைச் சொல்லை யார் வேண்டுமானாலும் கார்டில் அச்சடித்துக்கொள்ளலாம். ஜார்ஜ் அகர்லோஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினாரே (செகண்ட் இயரில் தூங்கியவர்களுக்காக: வாங்குபவனுக்கு நல்ல காரையும் ஓட்டை காரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால், நல்ல காருக்கு நல்ல விலை கிடைக்காது, நல்ல சரக்கு சந்தையை விட்டே போய்விடும்), அச்சு அசலாக அதே சந்தைதான் இது. ஒரே வித்தியாசம், ஓட்டை கார் அம்மாவைக் கடிக்காது.

சரி, சொல்லின் பிறப்புக்கு வருவோம். நாய், மணி என்றதும் எல்லோருக்கும் பாவ்லோவ்தான் ஞாபகம் வரும். (எங்கள் மணிக்கு அந்தப் பெயர் வைத்தது பாட்டி. அவருக்கு பாவ்லோவைத் தெரியாது.) ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த இவான் பாவ்லோவ் அடிப்படையில் ஜீரண ஆராய்ச்சியாளர். 1904-ல் நோபல் பரிசு கிடைத்ததும் அதற்காகத்தான். சாப்பாடு வருவதற்கு முன்பே நாய்க்கு எச்சில் ஊறுவதைக் கவனித்து, அந்தப் பக்கம் திரும்பினார். பாடப்புத்தகங்கள் சொல்வதுபோல எப்போதும் மணிதான் அடித்தார் என்றில்லை. மெட்ரோனோம், பஸ்ஸர், விளக்கு என்று பலதையும் பயன்படுத்தினார்.

"பிஹேவியரிஸ்ட்" என்ற சொல்லைக் கொடியாகத் தூக்கிப் பிடித்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன். 1913-ல் வந்த அவருடைய கட்டுரையின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது. மனசுக்குள் என்ன நடக்கிறது என்ற பேச்சே வேண்டாம், வெளியே தெரியும் நடத்தையை மட்டும் அளப்போம் என்பது அவர் கட்சி. அதாவது பிஹேவியரிஸ்ட் என்பது முதலில் ஒரு தத்துவக் கட்சியின் பெயர், தொழிலின் பெயர் இல்லை. வாட்சன் 1920-ல் பல்கலைக்கழக வேலையை இழந்து, ஜே. வால்டர் தாம்ப்சன் விளம்பரக் கம்பெனியில் சேர்ந்து பெரிய ஆளானார் என்பது நம் மார்க்கெட்டிங் பேப்பருக்கான உபரித் தகவல்.

இந்தக் கதையில் நான் அதிகம் யோசித்தது இரண்டு விஷயங்கள். இரண்டுமே பாவ்லோவின் கூடத்தில் நடந்தவை.

முதலாவது, வட்டமும் நீள்வட்டமும். பாவ்லோவிடம் வேலை பார்த்த ஷெங்கர்-க்ரெஸ்டோவ்னிகோவா என்ற பெண் ஆராய்ச்சியாளர், ஒரு நாய்க்கு வட்டம் தெரிந்தால் சாப்பாடு, நீள்வட்டம் தெரிந்தால் சாப்பாடு இல்லை என்று பழக்கினார். நாய் சுலபமாகக் கற்றுக்கொண்டது. பிறகு நீள்வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வட்டம் போலவே ஆக்கிக்கொண்டு போனார். அச்சுகளின் விகிதம் 9-க்கு 8 என்று வந்தபோது நாயால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. விடாமல் மூன்று வாரம் முயன்றார்கள். அதுவரை அமைதியாக நின்ற நாய் ஊளையிட ஆரம்பித்தது, உடம்பில் கட்டியிருந்த கருவிகளைப் பிய்த்தது, குழாய்களைக் கடித்தது. பழைய சுலபமான பாடமும் மறந்துபோனது. யாரும் அதை அடிக்கவில்லை. எது சரி, எது தப்பு என்று கண்டுபிடிக்கவே முடியாத ஒரு நிலையில் அதைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது, 1924 செப்டம்பரில் நேவா ஆறு பெருக்கெடுத்து வந்த வெள்ளம். (ஊரின் பெயர் அப்போது லெனின்கிராட் ஆகிவிட்டது.) கூண்டுகளுக்குள் தண்ணீர் புகுந்து மூழ்கும் நிலையில் இருந்த நாய்களை ஊழியர்கள் நீந்தவைத்து மாடிக் கட்டிடத்துக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தால், சில நாய்களுக்குப் படித்ததெல்லாம் போயிருந்தது. பழைய நிலைக்கு வரவே நாளானது. தேறிய பிறகும், சோதனை அறையின் கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டால் போதும், நாய் நடுங்கியது. "பிடிவாதம்", "திமிர்" என்றெல்லாம் நாம் பெயர் வைக்கும் விஷயத்துக்குப் பின்னால் பயம் இருக்கலாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நூறு வருடத்துக்கு முன்பே கையில் இருந்த சாட்சி!

அதே 1924-ல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்பவர் இதன் மறுபக்கத்தைக் காட்டினார். பீட்டர் என்ற மூன்று வயதுப் பையனுக்கு முயல் என்றால் பயம். பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்துக்கொண்டே, முயலைத் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். கடைசியில் பையன் முயலைத் தொட்டு விளையாடினான். இன்றைக்கு ஒரு நல்ல பிஹேவியரிஸ்ட் வெடிச்சத்தத்துக்குப் பயப்படும் நாய்க்குச் செய்வதும் கிட்டத்தட்ட இதேதான். சத்தத்துக்குப் பதிலாக முயல், நாய்க்குப் பதிலாக பீட்டர்.

அப்படியானால் இது நாய் வளர்ப்பவர்களிடம் ஏன் வந்து சேரவில்லை? ஏனென்றால் அந்தத் தெருவில் வேறு கடை ஏற்கெனவே திறந்திருந்தது. ஜெர்மனியில் போலீஸ் நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட் 1910-லேயே பயிற்சிப் புத்தகம் போட்டுவிட்டார். அவர் ஒன்றும் முட்டாள் இல்லை. சன்மானம், தண்டனை இரண்டும் எந்த நொடியில் வரவேண்டும் என்பதை நன்றாகவே கவனித்து எழுதியவர். ஆனால் முறை முரட்டு முறை. இரண்டு உலகப் போர்களிலும் நாய்கள் வேலை செய்தன, போர் முடிந்து ராணுவப் பயிற்சியாளர்கள் ஊருக்குத் திரும்பினார்கள், சோக் செயினும் கூடவே வந்தது. அமெரிக்காவில் வில்லியம் கோலர் 1962-ல் எழுதிய புத்தகம் சக்கைப்போடு போட்டது. தோட்டத்தில் குழி தோண்டும் நாய்க்கு அவர் சொன்ன வைத்தியம், அந்தக் குழியில் தண்ணீரை நிரப்பி நாயின் முகத்தை அதில் அழுத்துவது. ராணுவ நாய்க்குக் கட்டளைக்குக் கீழ்ப்படிதல்தான் வேலை. வீட்டு நாய் ஏன் குழி தோண்டுகிறது என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வி அந்தக் கடையில் விற்பனைக்கே இல்லை.

இடையில் ஒரு ஜோடி முயன்று பார்த்தது. கெல்லர் பிரெலண்ட், மரியன் பிரெலண்ட். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ஸ்கின்னர் புறாக்களை வைத்து குண்டுக்கு வழிகாட்ட முடியுமா என்று ஆராய்ந்தாரே, அதில் வேலை பார்த்த மாணவர்கள். ஆராய்ச்சிப் படிப்பை விட்டுவிட்டு, இதை வைத்துத் தொழில் செய்யலாம் என்று கம்பெனி ஆரம்பித்துவிட்டார்கள். அடிக்காமல், சரியானதைச் செய்த அந்த நொடியில் ஒரு சின்னச் சத்தம், உடனே தீனி. இன்று "கிளிக்கர்" என்று கடையில் கிடைப்பதன் மூதாதை அதுதான். அவர்களுக்குப் பிழைப்பு கிடைத்தது வேறு இடத்தில். ஜெனரல் மில்ஸ் கம்பெனியின் தீவனத்தை விற்கக் கோழிகளை வைத்து வித்தை காட்டினார்கள். பிறகு ஆர்கன்சாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரில் மிருகங்களைப் பழக்கி, காசு போட்டால் வித்தை காட்டும் பெட்டிகளாக்கி நாடு முழுக்க அனுப்பினார்கள். நல்ல பிசினஸ் மாடல்!

அவர்களை எனக்குப் பிடித்துப்போனது இதனால் இல்லை. 1961-ல் தங்கள் தோல்விகளைப் பட்டியல் போட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ரக்கூன் ஒன்றுக்கு நாணயத்தை உண்டியலில் போடப் பழக்கினார்கள். ஒரு நாணயம் என்றால் ஒருவழியாகப் போட்டது. இரண்டு கொடுத்தால் போடவே இல்லை. கஞ்சனைப்போல இரண்டையும் உரசிக்கொண்டே உட்கார்ந்திருந்தது. போட்டால்தான் தீனி என்று தெரிந்தும்! காரணம், ரக்கூன் தன் இரையைக் கையில் வைத்து உரசும் பிராணி. காசை அது இரையாகவே பார்க்க ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு பிராணிக்கும் பிறவியிலேயே ஒரு சுபாவம் உண்டு, அதைத் தெரிந்துகொள்ளாமல் வெறும் சன்மானக் கணக்கு மட்டும் போட்டால் உதைக்கும் என்று தங்கள் குரு ஸ்கின்னருக்கே எதிராக எழுதினார்கள். தன் சரக்கு எங்கே வேலை செய்யாது என்று தானே அச்சில் சொல்கிற வியாபாரியை நீங்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள்?

இனி நம்ம விசிட்டிங் கார்டு ஆசாமியின் "ஆல்ஃபா". ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தில் பேஸல் மிருகக்காட்சி சாலையில் இருந்த ஓநாய்களைக் கவனித்து 1947-ல் எழுதியதிலிருந்து இந்த எண்ணம் பரவியது. அமெரிக்க ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மெக் 1970-ல் எழுதிய புத்தகம் அதை இன்னும் பிரபலமாக்கியது. பிறகு மெக் கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்குப் போய், காட்டு ஓநாய்களை வருடக்கணக்கில் கோடைதோறும் பக்கத்திலிருந்து பார்த்தார். அங்கே கூட்டம் என்பது ஒரு குடும்பம். அப்பா, அம்மா, பிள்ளைகள். சண்டை போட்டு ஜெயித்த தலைவன் என்று ஒருவன் இல்லை. சம்பந்தமில்லாத ஓநாய்களை ஒரே வேலிக்குள் அடைத்தால் நடப்பது வேறு, குடும்பத்தில் நடப்பது வேறு. (ஹாஸ்டல் ரூமையும் நம் வீட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள், புரியும்.) 1999-ல் அவரே கட்டுரை எழுதித் திருத்தினார். தன் பழைய புத்தகத்தை இனி அச்சிடாதீர்கள் என்று பதிப்பகத்திடம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருவழியாக 2022-ல்தான் அது நின்றது.

நாயை மல்லாக்கத் தள்ளும் வித்தையைப் பிரபலமாக்கியது, நம்பினால் நம்புங்கள், துறவிகள். நியூயார்க் மாநிலத்தில் ஜெர்மன் ஷெப்பர்ட் வளர்த்த நியூ ஸ்கீட் மடத்தினர் 1978-ல் போட்ட புத்தகத்தில் அது இருந்தது. 2002 பதிப்பில் அவர்களே அதைக் கைவிட்டார்கள். ஆனால் 2004 முதல் 2012 வரை ஓடிய ஒரு பிரபல டிவி நிகழ்ச்சி அடக்கி ஆளும் பாணியை மறுபடி வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நடத்தை பற்றி அக்கறை உள்ள அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் சங்கம் 2008-ல் இதை எதிர்த்து அறிக்கையே விட்டது. அடுத்த வருடம் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மெகன் ஹெரான் குழுவினர், பிரச்சினையுள்ள நாயோடு வந்த 140 பேரிடம் கேட்டு எழுதினார்கள். நாயை அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதம் பேருக்கும், மல்லாக்கத் தள்ளி அழுத்தியவர்களில் 31 சதவீதம் பேருக்கும், நாய் திருப்பிச் சீறியது அல்லது பாய்ந்தது. இதைப் படித்தபோது அம்மாவின் கைக்கட்டு எதிரில்தான் இருந்தது.

"ஆனா மூணு வாரம் அமைதியா இருந்துச்சே?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. இதற்கும் அதே பென்சில்வேனியாவில், 1967-லேயே பதில் இருக்கிறது. மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் இருவரும் சில நாய்களுக்கு, என்ன செய்தாலும் தப்பிக்க முடியாதபடி மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு, ஒரு சின்னத் தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்ற இடத்தில் விட்டபோது, அவற்றில் பெரும்பாலானவை தாண்ட முயலவே இல்லை. படுத்து முனகிக்கொண்டே வாங்கிக்கொண்டன. (இந்தச் சோதனையைப் படிப்பதே கஷ்டமாக இருந்தது. இன்று அனுமதி கிடைக்குமா என்பது சந்தேகம்தான்.) அவர்களே ஏறத்தாழ ஐம்பது வருடம் கழித்து, 2016-ல், மூளை ஆராய்ச்சியை வைத்துத் தங்கள் விளக்கத்தைத் திருப்பிப் போட்டார்கள். சும்மா கிடப்பது கற்றுக்கொண்டது இல்லையாம். தொடர்ந்த துன்பத்துக்கு உடம்பின் இயல்பான பதிலே அதுதான். தன்னால் ஏதாவது செய்ய முடியும் என்பதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறதாம். எப்படிப் பார்த்தாலும் மணியின் "அமைதி" என்ன வகை என்று எனக்குப் புரிந்தது. உறுமல் என்பது நாய் நமக்கு அனுப்பும் நோட்டீஸ். அந்த நோட்டீஸை நிறுத்தத்தான் நாங்கள் பணம் கொடுத்திருக்கிறோம்.

நாயின் நடத்தைக் கோளாறைக் கிளினிக்கில் வைத்துப் பார்க்கலாம் என்ற யோசனை 1974-ல் ஒஹாயோவிலிருந்து அச்சில் வந்தது. ட்யூபர், ஹோதர்சால் என்ற இரண்டு உளவியலாளர்களோடு விக்டோரியா வோய்த் என்ற கால்நடை மருத்துவரும் சேர்ந்து எழுதினார். மனிதர்களின் பயத்துக்குச் செய்யும் சிகிச்சையை நாய்க்கும் செய்யலாமே என்பது அவர்கள் வாதம். பீட்டரின் முயல் ஐம்பது வருடம் சுற்றி இங்கே வந்து சேர்ந்தது! அதன் பிறகுதான் சங்கங்கள். பிரிட்டனில் 1989-ல் ஒன்று. கால்நடை மருத்துவர் பார்த்து அனுப்பினால்தான் அவர்கள் கேஸ் எடுப்பார்கள். அமெரிக்காவில் 1991-ல் விலங்கு நடத்தைக் கழகம் மேல்படிப்பு படித்தவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியது. 1993-ல் நடத்தை மருத்துவம் கால்நடை மருத்துவத்தின் தனிச் சிறப்புத் துறையாகவே அங்கீகாரம் பெற்றது. வேலி போட இவர்களால் முடிந்தது இவ்வளவுதான். தங்கள் பட்டத்தைக் காக்கலாம், "பிஹேவியரிஸ்ட்" என்ற பொதுச் சொல்லைக் காக்க முடியாது.

"முதலில் மருத்துவர்" என்ற அந்த பிரிட்டிஷ் விதியை நான் ஏதோ சம்பிரதாயம் என்றுதான் நினைத்தேன். 2020-ல் லிங்கன் பல்கலைக்கழகத்தின் டேனியல் மில்ஸும் சகாக்களும் எழுதியதைப் பார்க்கும் வரை. நடத்தைக் கோளாறு என்று அவர்களிடம் வரும் கேஸ்களில், குறைத்துச் சொன்னாலே மூன்றில் ஒன்றில் ஏதோ ஒரு வலி சம்பந்தப்பட்டிருக்கிறதாம். சில தொகுப்புகளில் அது 80 சதவீதத்தை நெருங்குகிறது.

மறுநாளே மணியைக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போனோம். அவர் வலது காதைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஆழத்தில் சீழ். பல மாதமாக இருந்திருக்க வேண்டும் என்றார். தலையைத் தொட்டால் ஏன் உறுமியது என்று இனி விளக்கத் தேவையில்லை. அப்பா வெளியே போய் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தார்.

காது ஆறினாலும் பயம் போகவில்லை. கை உயர்ந்தாலே மணி கட்டிலுக்கு அடியில் போய்விடும். அதனால் மறுபடியும் ஆள் தேட வேண்டியிருந்தது. இந்த முறை நான்தான் போன் பேசினேன். கார்டில் என்ன பட்டம் என்று கேட்கவில்லை. (கேட்கலாம். ஆனால் எந்தச் சங்கம், என்ன படிப்பு, யாரிடம் பழகினார் என்று சேர்த்துக் கேளுங்கள்.) "நாய் தப்பு பண்ணா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். ஒருவர் "ஒரே வாரத்துல கேரண்டி" என்றார், வைத்துவிட்டேன். இன்னொருவர் நாயைப் பார்க்காமலே ஓநாய்க் கதையை ஆரம்பித்தார். மூன்றாவது ஒரு பெண்மணி, முதல் கேள்வியே "டாக்டர்கிட்ட காட்டினீங்களா? ரிப்போர்ட் இருக்கா?" என்றார். கேரண்டி உண்டா என்று நான் சும்மா சீண்டிக் கேட்டதற்கு, "உயிருள்ளதுக்கு எப்படித் தம்பி கேரண்டி தர முடியும்" என்று சிரித்தார்.

வந்த அன்று ஒன்றரை மணி நேரம் கேள்விகளாகவே கேட்டார். எப்போது, யார், எந்தப் பக்கம் கை வந்தது, அதற்கு முன் காது எப்படி இருந்தது என்று. மணியைத் தொடவே இல்லை. போகும்போது அவித்த கோழித் துண்டும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான் மருந்து என்று சொல்லிவிட்டுப் போனார். நோட்டை எழுதுவது நான் (டெபிட், கிரெடிட் பழக்கம்!), கோழி கொடுப்பது தம்பி.

இது பதினோராவது வாரம். மணி இப்போது இடது காதைத் தொட விடுகிறது. வலது காதுப் பக்கம் கை போனால் இன்னும் லேசாக உறுமுகிறது. உறுமினால் நாங்கள் கையை எடுத்துவிடுகிறோம்.